மலையில் ஒரு பள்ளிக்கூடம்

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் பேசியது)



பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் பேச மாட்டேன்.

வயதானவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒருவர் வருவார். திடலில் இரவு பகலாகச் சைக்கிள் ஓட்டுவார். காலைத் தரையில் ஊன்ற மாட்டார். சைக்கிளில் இருந்தபடியே குளிப்பார், சாப்பிடுவார். கடைசி நாளில் ஊரார் அவர் சட்டையில் ரூபாய் நோட்டுகளைக் குத்திவிடுவார்கள். அவர் வயிற்றுப் பாட்டுக்காக அப்படிச் செய்தார்.

இப்போது சிலர் இதைப் பிறருக்காகச் செய்கிறார்கள். சைக்கிளுக்குப் பதில் மலை. "நான் பெரிய மலை ஒன்றில் ஏறப் போகிறேன். உச்சியைத் தொட்டால் இந்தப் பள்ளிக்குப் பணம் கொடுங்கள், அந்த மருத்துவமனைக்குக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். தெரிந்தவர்களும் நிறுவனங்களும் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இதில் நாம் யோசிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். கதை என்றாலும் நடந்தது.

எவரெஸ்ட் உலகிலேயே உயர்ந்த மலை. உயரம் 8,848 மீட்டருக்கும் மேல். 1953 மே 29 அன்று இரண்டு பேர் முதன்முதலாக அதன் உச்சியில் நின்றார்கள். ஒருவர் எட்மண்ட் ஹிலாரி. நியூசிலாந்து நாட்டுக்காரர். தேனீ வளர்ப்பவர். மற்றவர் டென்சிங் நோர்கே. ஷெர்பா என்ற மலைவாழ் இனத்தவர். நம் டார்ஜிலிங்கில் குடியிருந்தவர்.

டென்சிங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆமாம், உண்மைதான்! பல மொழிகள் பேசுவார். பனியைப் பார்த்தே அது தாங்குமா, சரியுமா என்று சொல்வார். ஆனால் படிப்பு கிடைக்கவில்லை. பிறகு அவருடைய வாழ்க்கைக் கதை புத்தகமாக வந்தது. அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். தன் பிள்ளைகளை மட்டும் அவர் நல்ல பள்ளியில் சேர்த்தார். ஏன் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஹிலாரி 1960இல் மறுபடியும் அந்த மலைப் பக்கம் போனார். எட்டி என்ற பனி மனிதன் இருக்கிறானா என்று தேடவும் அந்தப் பயணம். ஒரு புத்தக நிறுவனம் செலவுக்குப் பணம் கொடுத்தது. கும்ஜுங் என்ற ஊரில் எட்டியின் தலைத்தோல் என்று ஒன்றைப் பாதுகாத்து வந்தார்கள். ஹிலாரி அதைச் சோதனைக்குக் கேட்டார். ஊரார் நம்பி விட்டுவிடவில்லை. ஆறு வாரத்தில் திரும்ப வர வேண்டும் என்றார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூடவே அனுப்பினார்கள். அவர் அமெரிக்கா வரை போய் வந்தார். கடைசியில் அது ஒரு வகைக் காட்டாட்டின் தோல் என்று தெரிந்தது. பனி மனிதன் கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறொன்று. அந்தப் பயணத்தில் ஒரு நாள் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள். ஹிலாரி ஷெர்பாக்களிடம், "உங்கள் ஊருக்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். சாலை கேட்பார்கள், துணி கேட்பார்கள் என்று நாம் நினைப்போம். அவர்கள் பள்ளிக்கூடம் கேட்டார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் பிறகு மனுவே கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கண் இருந்தும் பார்வை இல்லை என்பது அதன் பொருள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் முதலில் கேட்டார். பிறகுதான் செய்தார். நம் ஊர்களுக்கு எத்தனையோ திட்டங்கள் வருகின்றன. நம்மிடம் யாராவது கேட்டுவிட்டு வருகிறார்களா?

பள்ளி எப்படி வந்தது? கும்ஜுங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்போது காத்மாண்டுவிலிருந்து நடந்து போக இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். பள்ளிக்கான அலுமினியக் கட்டடத்தை நம் நாட்டு நிறுவனம் ஒன்று நன்கொடையாகக் கொடுத்தது. அதைப் பகுதி பகுதியாக விமானத்தில் மலைக்குக் கொண்டு போனார்கள். பிறகு ஆட்கள் முதுகில் சுமந்தார்கள். 1961இல் பள்ளி திறந்தது. முதல் ஆசிரியர் டார்ஜிலிங்கிலிருந்து போன ஷெர்பா.

ஹிலாரி பணக்காரர் அல்ல. ஆனால் எவரெஸ்டில் ஏறியவர் என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்து நாடு நாடாகப் போய்ப் பேசினார், நன்கொடை திரட்டினார். இமாலய அறக்கட்டளை என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தினார். பணத்தோடு நிற்கவில்லை. திரும்பத் திரும்ப அங்கே போய், ஆணி அடித்தார், கல் சுமந்தார். 25க்கும் மேற்பட்ட பள்ளிகள் வந்தன.

1966இல் குண்டே என்ற ஊரில் மருத்துவமனை கட்டினார்கள். அந்தப் பக்கத்து மக்களில் பலருக்கு முன்கழுத்துக் கழலை இருந்தது. சில பிள்ளைகள் மூளை வளர்ச்சி இல்லாமலும் காது கேளாமலும் பிறந்தன. சாமி குற்றமோ என்று பயப்பட வேண்டியதே இல்லை. மலை மண்ணில் அயோடின் குறைவு. அதனால் உணவிலும் குறைவு. அயோடின் கலந்த எண்ணெயை ஊசி மூலம் போட்டார்கள். நிலைமை மாறியது. நம் கடையில் அயோடின் கலந்த உப்பு விற்பதும் இதற்காகத்தான்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. மருத்துவமனைக்குச் சாமான் கொண்டு போவதற்காக 1964இல் லுக்லா என்ற இடத்தில் நிலம் வாங்கி விமானத் தளம் போட்டார்கள். மண்ணை இறுக்க எந்திரம் இல்லை. ஷெர்பாக்களைக் கைகோத்து நடனம் ஆடச் சொன்னார்களாம். மிதித்து மிதித்துத் தரை கெட்டியானது! தளம் வந்ததும் சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். வருமானம் கூடியது. அவர்கள் அடுப்புக்கு விறகு வெட்டியதில் காடும் குறைந்தது. ஹிலாரியே இதை நினைத்து வருந்தினார். பிறகு மரம் நடும் வேலையையும் அறக்கட்டளை எடுத்துக்கொண்டது.

1975இல் ஃபாப்லு என்ற ஊரில் இன்னொரு மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க மனைவியும் மகளும் காத்மாண்டுவிலிருந்து விமானம் ஏறினார்கள். கிளம்பிய சற்று நேரத்தில் விமானம் விழுந்தது. இருவரும் இறந்தார்கள். மகளுக்கு 16 வயது. அவர் உடைந்து போனார். வெகு காலம் அந்தத் துக்கம் இருந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை. 2008 ஜனவரியில் காலமாகும் வரை அந்த மக்களோடு தொடர்பு வைத்திருந்தார்.

இனி இன்றைய விஷயத்துக்கு வருவோம். இப்போது எவரெஸ்ட் ஏற நேபாள அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் மட்டும், 2025 செப்டம்பர் முதல், வெளிநாட்டவர் ஒருவருக்கு 15,000 டாலர். நம் பணத்தில் 12 லட்சம் ரூபாய்க்கு மேல். இது போக வழிகாட்டி, பிராண வாயு, உணவு, கூடாரம் என்று செலவு இருக்கிறது. ஆகவே ஒருவர் தர்மத்துக்காக மலை ஏறுகிறேன் என்று வந்தால் தயங்காமல் கேளுங்கள். ஏறும் செலவு உங்களுடையதா? நாங்கள் கொடுக்கும் பணம் முழுவதும் பள்ளிக்குப் போகிறதா? கணக்கு எழுதித் தருவீர்களா? நல்லவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். எழுதித் தந்தால் இப்போது நம்மால் படிக்க முடியுமே!

இன்னொரு கேள்வியும் உண்டு. உங்கள் சுமையைத் தூக்குவது யார்? அவருக்கு என்ன கூலி, என்ன காப்பீடு? 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டில் பனி சரிந்து 16 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் நேபாளத்துத் தொழிலாளிகள். மற்றவர்கள் ஏறுவதற்காக வழி அமைக்கவும் சாமான் சுமக்கவும் போனவர்கள். உச்சியில் கொடி பிடித்து நிற்பவரின் படம் பத்திரிகையில் வருகிறது. இவர்கள் படம் வருவதில்லை. இது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம்.

கும்ஜுங்கில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த எட்டித் தலைத்தோல் சொன்னபடி திரும்பி வந்துவிட்டது. மடாலயத்தில் இருக்கிறது. ஹிலாரியின் பள்ளிகளில் படித்த பிள்ளைகளில் ஒருவர் பெரிய விமானங்களை ஓட்டுபவர் ஆனார். ஒருவர் எவரெஸ்ட் தேசியப் பூங்காவின் காப்பாளர் ஆனார். இன்னொருவர் குண்டே மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்தார். அங்கிருந்து ஃபிஜி தீவுக்குப் போய் மருத்துவம் படித்தார். படித்துவிட்டு வெளிநாட்டிலேயே தங்கிவிடவில்லை. குண்டேவுக்கே திரும்பி வந்து, அதே மருத்துவமனையில் டாக்டராக உட்கார்ந்தார். நோயாளிகள் தங்கள் பேச்சிலேயே அவரிடம் நோயைச் சொன்னார்கள்.