வீட்டுப் பழுதும் தனிவழிப் பிரயாணமும்

வேற்று மாநிலத்தில் குடியிருக்கும் தமிழர் வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால், தொல்லை அந்தப் பொருளோடு நிற்பதில்லை. சொந்த ஊரில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் அடுத்த தெருவிலிருந்து மாமா வந்து எட்டிப் பார்ப்பார். மெக்கானிக் வரும் நேரத்தில் நாம் வெளியே போக நேர்ந்தால், சாவியை வாங்கி வைத்துக்கொள்ளச் சித்தி இருப்பார். இங்கே மாமாவும் இல்லை, சித்தியும் இல்லை. ஆகையால் வீட்டிலுள்ள ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு, வாயிற்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதாகிறது. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கும் நேயர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நாம் வசிக்கும் திருவனந்தபுரத்தில் இத்தொல்லைக்கு இயற்கையும் துணை செய்கிறது. ஜூன் தொடக்கத்தில் வரும் மழையை இவ்வூரார் இடவப்பாதி என்பர். ஐப்பசியில் வருவது துலாவர்ஷம். இரண்டுக்கும் நடுவிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. கடலோரமாதலால் உப்பும் அதனோடு சேர்ந்து வருகிறது. இரும்பு துருவேறுகிறது, செப்புக் கம்பியில் களிம்பேறுகிறது. துலாவர்ஷத்தில் பிற்பகலானால் இடி முழங்கும். மின்னல் நம் கூரைமேல்தான் விழவேண்டும் என்பதில்லை. எங்கோ ஒரு மின்கம்பத்தருகே விழுந்தாலும், அதன் வேகம் கம்பி வழியே வந்து தொலைக்காட்சிப் பெட்டியைப் பதம் பார்த்துவிடும். கிணற்று மோட்டாரின் கதை வேறு. குழாயின் அடியிலுள்ள புட்வால்வில் ஒரு சருகு சிக்கினால் போதும். குழாயில் நின்ற நீர் இரவோடிரவாகக் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் மோட்டாரைப் போட்டால் அது காற்றை இழுத்துச் சுழலும். நீரின்றிச் சுழல்வதால் சூடேறி, உள்ளேயிருக்கும் சீல் கருகும். சீலை மாற்றிய மூன்றாம் நாள் கண்டென்சர் போகும்.

மலையாளத்தில் பழுதுபட்ட எதனையும் ‘கேடாயி’ என்று சொல்வர். மிக்சி கேடாயி, பிரிட்ஜ் கேடாயி. தமிழில் கேடு என்றால் குடியையே கெடுக்கும் பெருந்துன்பம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அலுவலகத்தில் ‘பழுது’ என்றே எழுதுவோம். ஆயினும் ஒரே வாரத்தில் மிக்சியும் மோட்டாரும் பிரிட்ஜும் அடுத்தடுத்து நின்றபோது, மலையாளச் சொல்லே பொருத்தமாகப் பட்டது. அதை அடுத்து நாம் கேட்ட சொல் ‘நாளெ வராம்’ என்பது. நாளை வருகிறேன் என்று அதற்குப் பொருள். எந்த நாளை என்பது அதில் அடங்காது.

வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் வெளியிலிருந்து தடை வருவதுண்டு. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில், நாகர்கோவில் இருப்புப்பாதையை இரட்டைப் பாதையாக்கும் பணிக்காகக் குடிநீர்க் குழாய்களை இடம் மாற்றினார்கள். நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் வரவில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை விட நேர்ந்தது.

இத்தகைய வாரங்களுக்குப் பிறகு மனத்தில் ஓர் எண்ணம் எழும்: காரை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக எங்கேனும் போய்வர வேண்டும். வீட்டில் இத்தனை வேலை கிடக்கும்போது தனியாக உல்லாசம் என்ன என்று கேட்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தவராக இருக்கமாட்டார். காத்திருந்தவருக்கு, வேறொருவர் வசதியைக் கேளாமல், வேறொருவர் பசியை நினையாமல் ஒரு பகற்பொழுது கழிவது உல்லாசமன்று, இளைப்பாறல். அதற்கு உரிமை உண்டு என்பதே நமது கருத்து. ஆனால் கோபம் வந்த அன்றே சாவியை எடுப்பது கூடாது. கோபத்தோடு ஓட்டுபவர் முன்னால் செல்லும் பேருந்தை வளைவிலே முந்துவார். மூன்று நாள் தூக்கம் கெட்டவர் பிற்பகலில் கண்ணயர்வார். ஒரு வாரம் தள்ளி நாள் குறித்து, அந்த வாரம் முழுவதும் திட்டமிடுவதிலேயே பாதி இளைப்பாறல் கிட்டிவிடும்.

திட்டம் வீட்டிலிருந்து தொடங்கட்டும். மெயினை அணைத்தால் பிரிட்ஜும் நின்றுவிடும். ஆதலால் மற்றப் பிளக்குகளைத் தனித்தனியே பிடுங்கி வைப்பதே நன்று. வீட்டில் வேறு ஆட்கள் இருந்தால், எந்த வால்வு எங்கே இருக்கிறது, மோட்டாரில் எவ்வாறு நீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவது என்பதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். பல வீடுகளில் இது ஒருவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாக இருக்கிறது. அந்த ஒருவர், அநேகமாக வீட்டுத் தலைவி, வெளியூர் போக முடியாதவராகவும் இருக்கிறார். இரகசியத்தைப் பகிர்ந்துகொண்டாலன்றி அவருக்கு விடுதலை இல்லை.

கார் வரலாற்றிலேயே முதல் நெடும்பயணத்தைச் செய்தவர் ஒரு குடும்பத் தலைவி என்பது இங்கே நினைக்கத்தக்கது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பாரின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவர் அறியாமல் அவர் செய்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு, தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி நீக்கினார். மின்கம்பி தேய்ந்தபோது காலுறை கட்டும் பட்டியைச் சுற்றினார். எரிபொருளை ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். தேய்ந்த தடைக்கட்டைக்குத் தோல் வைத்துத் தைக்க ஒரு செருப்புத் தொழிலாளியிடம் போனார். ஊர்கள் அடுத்தடுத்து இருந்தமையால்தான் மருந்துக் கடையும் செருப்புத் தொழிலாளியும் கிடைத்தனர் என்பதைத் தனியே செல்பவர் கவனிக்க வேண்டும். வழியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைக் காட்டிலும் உதவி எங்கே கிடைக்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் செல்ல நமக்கு இரண்டு வழிகள் நன்கு பழக்கம். ஒன்று தெற்கே கன்னியாகுமரிக்குச் செல்வது. மற்றொன்று வடகிழக்கே நெடுமங்காடு, பாலோடு, குளத்தூப்புழை, தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகத் தென்காசிக்குச் செல்வது. 1956 அக்டோபர் மாத இறுதி வரையில் கன்னியாகுமரிக்கும் செங்கோட்டைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி எல்லையைத் தாண்டாமலே போய்விடலாம். நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன.

தென்காசி வழி கண்ணுக்கு விருந்து. தென்மலைக்கு அப்பால் பதின்மூன்று கண் பாலத்தைச் சாலையிலிருந்தே காணலாம். கொல்லம்–செங்கோட்டை இருப்புப்பாதை 1904இல் அதன்மீது ஓடத் தொடங்கியது. மீட்டர் பாதை அகலப் பாதையாகி 2018இல் மீண்டும் இரயில் ஓடியது. சாரற்காலத்தில் குற்றாலம் மிக அருகில். எனினும் குளத்தூப்புழைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே காடு அடர்ந்தது. தொலைபேசி சில இடங்களில் எட்டாது. மழைக்காலத்தில் மரம் சாயும். வண்டி நின்றுவிட்டால் அடுத்த வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து சலித்தவர் அதற்காகவா புறப்பட்டார்? இவ்வழியை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்வதே நலம்.

முதற்பிரயாணத்துக்குக் கன்னியாகுமரிச் சாலையே ஏற்றது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கைத்தறிக்குப் பெயர்பெற்ற பாலராமபுரம், பிறகு நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளையில் எல்லை, அதன்பின் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில், சுசீந்திரம். நெருக்கடியான சாலைதான். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரையுள்ள நான்குவழிப் புறவழிச்சாலையில் போனால் நகர நெரிசலைத் தவிர்க்கலாம்; ஆனால் பஞ்சர்க் கடையும் தேநீர்க் கடையும் பழைய சாலையில்தான் மிகுதி. முக்கியமான செய்தி ஒன்று: 1979இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை இச்சாலையை ஒட்டியே செல்கிறது. பாறசாலை, குழித்துறை, இரணியல், நாகர்கோவில் என்று நிலையங்கள் உள்ளன. கார் நின்றுவிட்டால் அதைப் பட்டறையில் விட்டுவிட்டு இரயிலிலோ பேருந்திலோ மேலே போகலாம், அல்லது திரும்பி வரலாம். மாற்றுவழி இருக்கிறது என்ற எண்ணமே ஓட்டுபவர் கைகளைத் தளர்த்திவிடும்.

காருக்குச் செய்ய வேண்டியவை பலரும் அறிந்தவை: கூலண்ட், பிரேக், வைப்பர், பேட்டரி. ஸ்டெப்னியை மட்டும் அநேகர் மறந்துவிடுகிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பிடித்துவிட்டு, டிக்கியில் கிடக்கும் ஐந்தாவதை எவரும் தொடுவதில்லை. தேவைப்படும் வேளையில் அது நோயாளியைப் போலத் துவண்டிருக்கும். ஜாக்கியை ஒருமுறை வீட்டு வாசலிலேயே பொருத்திப் பார்ப்பது நல்லது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆபத்துக்கு 112. இரண்டையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியும் பழுதுபடும் பொருளே. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, களியக்காவிளையிலும் நாகர்கோவிலிலும் இரண்டு அழைப்புகள் செய்தால் போதும். மணிக்கொருமுறை பேசிக்கொண்டே போவதானால் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

காலை 6 மணிக்குப் புறப்பட்டால் தக்கலையில் சிற்றுண்டி உண்டு, ஒன்பது மணிக்குப் பத்மநாபபுரம் அரண்மனை வாயிலில் இருக்கலாம். அவ்வரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தபோதிலும், கேரளத் தொல்லியல் துறையே அதைப் பராமரித்து வருகிறது. மரத்தாலான அத்தனை பெரிய வீட்டில் ஒழுகும் ஓட்டுக்கும் இற்றுப்போகும் உத்தரத்துக்கும் வேறொருவர் பொறுப்பு என்ற நிம்மதியோடு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மெல்ல நடந்து போகலாம். நண்பகலுக்குள் கன்னியாகுமரி, வெயில் தாழப் புறப்பட்டால் இருட்டும் முன் களியக்காவிளை.

அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மோட்டார் மெக்கானிக்கும் திங்கட்கிழமை வருவதாகவே சொல்லியிருக்கிறார். ஆகையால் நாம் செவ்வாய்க்கிழமையைக் குறித்து வைத்திருக்கிறோம்.