கடிதம் வேறு, பெட்டி வேறு

2020ஆம் ஆண்டு யூலை மாதம் 15ஆந் திகதி, உலகின் பல நாடுகளிலும் கணினி முன் அமர்ந்து அலுவல் பார்த்தோர் ஒரு விந்தையைக் கண்டனர். அவுட்லுக் என்னும் மின்னஞ்சல் மென்பொருளை அவர்கள் திறந்ததும் அது கண்ணிமைக்கும் பொழுதிற்குள் தானே மூடிக்கொண்டது. மறுபடியும் திறந்தார்கள், மறுபடியும் மூடிக்கொண்டது. தத்தம் கணினியே கெட்டுவிட்டதென்று எண்ணி அதனோடு மல்லுக்கட்டியோர் அநேகர். ஆனாற் பழுது அவர்களுடைய கணினியில் இருக்கவில்லை. மென்பொருளை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனம் புதிதாக அனுப்பிய மாற்றமொன்றிலேயே அது இருந்தது. அன்றைய தினமே அந்நிறுவனம் திருத்தத்தையும் அனுப்பத் தொடங்கியது. இதற்கிடையில், அதே அஞ்சலை இணைய உலாவி வழியாகவோ கைத்தொலைபேசி வழியாகவோ பார்த்தவர்களுக்கு யாதொரு இடரும் நேரவில்லை. அவர்களுடைய கடிதங்கள் அனைத்தும் பத்திரமாகவே இருந்தன.

கடிதம் வேறு, கடிதத்தைத் திறந்து காட்டும் பெட்டி வேறு. இவ்வேறுபாட்டை மறந்துவிடுவதனாலேயே, மின்னஞ்சல் மென்பொருள் அடிக்கடி நின்றுபோகும்போது பலர் பெரிய நட்டத்துக்கு ஆளாகின்றனர். மென்பொருள் நின்றுபோவதனால் மாத்திரம் ஒருவருடைய கடிதங்கள் அழிந்துபோவது அரிது. அதனைச் சீர்செய்யப் புகுந்து, அவசரத்திற் கண்டதையெல்லாம் நீக்கும்போதே பெரும்பாலும் அவை அழிகின்றன.

ஆகவே முதலில் அறியவேண்டியது, கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்பதாகும். அஞ்சல் பெறும் முறைகளுள் இரண்டு பெருவழக்காயுள்ளன. ஐமாப் என்னும் முறையிற் கடிதங்கள் சேவகக் கணினியிலேயே தங்கியிருக்கும். வீட்டுக் கணினியில் இருப்பது அவற்றின் பிரதி. பொப் என்னும் பழைய முறையிலோ, கடிதங்கள் வீட்டுக் கணினிக்கு இறங்கியபின் சேவகக் கணினியிலிருந்து பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடும். அவ்வாறாயின், பத்தாண்டுக் காலத்துக் கடிதங்கள் முழுவதும் ஒரேயொரு கோப்பினுள் அடங்கிக் கிடக்கும். அவுட்லுக்கில் அதற்குப் பி.எஸ்.ரி. கோப்பு என்று பெயர். வேறெங்கும் அதற்குப் படி இல்லை.

இக்கோப்பு இருக்குமிடமும் ஒரு சிக்கலுக்குரிய விடயமே. அவுட்லுக்கின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக, புதிதாக அமைக்கப்படும் கோப்பு ‘ஆவணங்கள்’ என்னும் அடைவினுள் வைக்கப்படுகிறது. அதற்கு முந்திய பதிப்புகளோ, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத மறைவான அடைவொன்றில் அதனை வைத்தன. தம் ஆவணங்கள் அனைத்தையும் கவனமாகப் படியெடுத்த பின்னர் கணினியைத் துடைத்துப் புதிதாக்கிய ஒருவர், கடிதங்கள் மாத்திரம் அகப்படாது தவித்தாரானால் அதன் காரணம் இதுவே. மென்பொருளை மூடிவிட்டு, அக்கோப்பைத் தேடிப்பிடித்து, வேறொரு வட்டிலோ தகவற் குச்சியிலோ படியொன்று எடுத்துவைத்த பின்னரே ஏனைய வேலைகளைத் தொடங்கவேண்டும்.

இனிப் பழுதைத் தேடலாம். இணைய உலாவி வழியாக அஞ்சலைத் திறந்து பார்ப்பது முதற் சோதனை. அங்கே யாவும் சரியாயிருப்பின், கணக்கும் கடவுச்சொல்லும் குற்றமற்றவை. கோளாறு மென்பொருளிலோ அது கையாளும் கோப்பிலோ உள்ளது எனத் துணியலாம்.

அடுத்தது, ‘சேவ் மோட்’ எனப்படும் பாதுகாப்பு நிலை. கொன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தவண்ணம் அவுட்லுக்கைத் திறந்தால், பாதுகாப்பு நிலையில் தொடங்கட்டுமா என்று அது வினவும். மொசில்லாவின் தண்டர்பேர்ட் மென்பொருளுக்கு ஷிப்ட் விசை. அந்நிலையில் மென்பொருள் நின்றுபோகாமல் ஓடுமாயின், பழுது பெரும்பாலும் துணைநிரல்களின் மேலதே. பிற நிறுவனங்கள் ஆக்கி இம்மென்பொருளோடு ஒட்டவைக்கும் சிறு நிரல்களே துணைநிரல்கள். நச்சுநிரற் காவலும் கூட்டங்களை ஒழுங்குசெய்யும் செயலியும் கேளாமலே தம்முடைய துணைநிரலைக் கொண்டுவந்து இங்கே நுழைத்துவிடுவதுண்டு. விருந்தினர் வீட்டில் விளக்கை அணைத்தது யாரென்று தெரியாதபோது ஒவ்வொருவராக வெளியே அனுப்பிப் பார்ப்பதுபோல, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால் குற்றவாளி அகப்படும். பொறுமை வேண்டிய வேலைதான். இதைச் சுருக்க விரும்புவோர் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். மென்பொருள் நின்ற நேரத்துக்கு நேரே, பழுது நேர்ந்த கூறின் பெயர் அங்கே பதிவாகியிருக்கும். அப்பெயர் சில வேளைகளில் துணைநிரலின் சொந்தக்காரரைச் சொல்லிவிடும்.

பாதுகாப்பு நிலையிலும் மென்பொருள் நின்றுபோகுமாயின் கோப்பையே ஐயுறவேண்டும். இதிற் பழைய வரலாறு ஒன்று உண்டு. 2002ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில் அவுட்லுக்கின் பி.எஸ்.ரி. கோப்பு 2 ஜிகாபைற் அளவுக்கு மேல் வளரக்கூடாததாய் இருந்தது. கோப்பினுள் ஒவ்வொரு கடிதமும் இருக்குமிடத்தைக் குறிக்கும் எண்ணுக்கு அவ்வளவே இடமளிக்கப்பட்டிருந்தது. நிழற்படங்களும் இணைப்புகளும் சேர்ந்து அவ்வெல்லையைத் தாண்டியதும் கோப்புத் திறக்க மறுத்தது. அதற்கு மைக்ரோசொப்ட் அளித்த கருவியோ கோப்பின் ஒரு பகுதியை வெட்டிக் குறைப்பது. வெட்டப்பட்ட பகுதியிலிருந்த கடிதங்கள் போனவை போனவையே. 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த புதிய வகைக் கோப்புக்கு 20 ஜிகாபைற்றும், 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 50 ஜிகாபைற்றும் எல்லையாக வைக்கப்பட்டன. ஆயினும் பழைய வகைக் கோப்பைப் புதிய மென்பொருளில் வைத்துப் பயன்படுத்துவோருக்குப் பழைய எல்லையே செல்லும்.

எல்லைக்குள் இருக்கும் கோப்பும் பழுதடைவதுண்டு. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் தடைப்படுதல் ஒரு காரணம். கோப்பை வலையமைப்பிலுள்ள வேறொரு கணினியில் வைத்துத் திறத்தல் மற்றொன்று. அவ்வாறு செய்யலாகாதென மைக்ரோசொப்டே கூறியுள்ளது. சீர்செய்வதற்கு ‘ஸ்கேன்பிஎஸ்ரி’ என்னும் சிறு கருவி அவுட்லுக்குடனேயே வருகிறது. திருத்துமுன் படியெடுக்கட்டுமா என்று அது கேட்கும். ஆமென்றே விடையளிக்க வேண்டும். ஒரு முறை ஓட்டிப் போதாவிடின் மீண்டும் ஓட்டலாம். ஐமாப் கணக்கின் பிரதிக் கோப்பாயின் அவ்வளவு பாடும் வேண்டாம். அதன் பெயரை மாற்றிவைத்தால் அவுட்லுக் புதியதொன்றைச் சேவகக் கணினியிலிருந்து தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அக்கணக்கில் எழுதிய முகவரிக் குறிப்புகளும் நாட்குறிப்பும் வீட்டுக் கணினியில் மாத்திரமே இருக்கக்கூடுமாதலின், பழைய கோப்பை அழித்துவிடலாகாது. தண்டர்பேர்ட் மென்பொருளிலோ கடிதக் கோப்பு வேறு, அதன் அட்டவணைக் கோப்பு வேறு. அட்டவணை கெட்டாற் கடிதம் கெடாது. அடைவைப் பழுதுபார்க்கும் கட்டளையைக் கொடுத்தால் அட்டவணை புதிதாக எழுதப்படும்.

மென்பொருளிலும் கோப்பிலும் குற்றம் காணாதபோது எஞ்சி நிற்பது, வந்துகொண்டிருக்கும் கடிதம். ஒழுங்கற்று அமைந்த ஒரேயொரு கடிதம், அதைப் படித்துக் காட்ட முயலும் மென்பொருளை ஒவ்வொரு முறையும் வீழ்த்தக்கூடும். பொப் முறையில் இஃது இன்னும் தொல்லை. இறங்கி முடியுமுன் மென்பொருள் நின்றுவிடுவதால், அக்கடிதம் சேவகக் கணினியிலேயே தங்கி, மறுநாளும் அதே இடத்தில் முதலாவதாக வந்து நிற்கும். மென்பொருளை எத்தனை முறை நீக்கி நிறுவினாலும் பலன் இராது. உலாவி வழியாக அஞ்சற்பெட்டியைத் திறந்து, தொல்லை தொடங்கிய நாளில் வந்த கடிதங்களுள் ஐயத்துக்கிடமானதை வேறோர் அடைவுக்கு மாற்றிவிட்டால், அதன் பின்னே வரிசையிற் காத்து நின்ற கடிதங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும்.