கணக்கு கற்போம், கணக்குக் கேட்போம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



“வணிகவியல் படித்தால் என்ன ஆகலாம்?” என்று நம் மாணவர்கள் வினவுகின்றனர். விடை கூறுமுன், கணக்கு இதுவரை யார் கையில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் முன்னோர் உழுதனர், அறுத்தனர், களத்தில் நெல் தூற்றினர். அளந்தவரும் எழுதியவரும் வேறொருவர். பட்ட கடன் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பதெல்லாம் பிறர் ஏட்டில் இருந்தன. கைநாட்டு ஒன்றே நம்முடையது. ஊர் நிலக்கணக்கோ வழிவழியாகச் சில குடும்பங்களில் வந்த கர்ணத்தின் வீட்டில் இருந்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு அப்பதவிகளை ஒழித்தது. அதன்பின் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே கிராம நிர்வாக அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். நிலப் பதிவேட்டை எழுதும் பேனா நம் பிள்ளைகள் கைக்கும் வந்தது.

இதன் அருமையை நம் தலைவர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். அண்ணல் அம்பேத்கர் 1918-இல் பம்பாய் சிடனாம் வணிகக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். 1923-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் வெளியிட்டார். 1949-இல் அரசியல் நிர்ணய சபையில், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே அரசமைப்பின் மிக முக்கியமான அலுவலராகலாம் என்ற கருத்தை வெளியிட்டார். மன்றம் ஒதுக்கிய பணம் ஒதுக்கிய செயலுக்கே செல்கிறதா என்று பார்ப்பவர் அவரே அல்லரோ!

இனி வழிகளைக் கூறுவோம். மூன்றாண்டு பி.காம். முடித்தோர் வங்கித் தேர்வுகளை எழுதலாம். மைய அரசின் தணிக்கைத் துறைக்கும், மாநிலத்தின் கருவூலக் கணக்குத் துறை, கூட்டுறவுத் தணிக்கை, உள்ளாட்சி நிதித் தணிக்கை ஆகியவற்றுக்கும் முயலலாம். அடக்கவிலைக் கணக்கர், நிறுமச் செயலர் ஆகிய படிப்புகளும் உண்டு. நாம் ஆடிட்டர் என்றழைக்கும் பட்டயக் கணக்கர் தொழில் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் அடிப்படைத் தேர்வில் தொடங்குவர். பி.காம். பட்டத்தில் நூற்றுக்கு 55 பெற்றோர் நேரே இடைநிலைத் தேர்வுக்குச் செல்லலாம். அதில் தேறியபின் ஓர் ஆடிட்டரிடம் ஈராண்டுப் பயிற்சி. பின்னர் இறுதித் தேர்வு.

இத்தேர்வுகள் கடினமானவை. முதன்முறை தவறுவோர் பலர். அதனால் மனம் தளர வேண்டா. ஆயினும் நம் மாணவர் இடறுமிடம் பெரும்பாலும் தேர்வறை அன்று. பயிற்சிக்கு இடம் தேடுகையில் சிபாரிசு சொல்ல மாமனோ சித்தப்பனோ அத்தொழிலில் இல்லை. கிடைக்கும் உதவித்தொகை நகரத்து அறை வாடகைக்கும் போதாது. இந்த ஈராண்டைத் தாங்கத் துணையின்றி, திறமுள்ள பிள்ளைகள் கிடைத்த வேலைக்குச் சென்றுவிடுகின்றனர்.

ஆகவே உறுப்பினர்களுக்கு ஒன்று கூறுவோம். பணியில் உள்ளோர் நால்வர் சேர்ந்து, பயிற்சிக்காலம் முடியும்வரை ஒரு மாணவரின் உணவுக்கும் தங்கலுக்கும் பொறுப்பேற்க வேண்டும். தொழிலில் நிலைபெற்ற நம்மவர் ஆண்டுக்கு ஒருவரையேனும் தம் அலுவலகத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பரிசுக் கோப்பையினும் இவ்வுதவி பெரிது.

இளைஞர்களே! சம்பளத்திற்காக மட்டும் இதைக் கற்க வேண்டா. மக்கள் தொகைக்கேற்ப நமக்கு நிதி ஒதுக்கும் சிறப்புக் கூறுகள் திட்டம் 1979-இல் தோன்றியது. அந்நிதியில் ஒரு பகுதி தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுச் செலவுக்குத் திருப்பப்பட்டது 2010-இல் வெளிப்பட்டது. ஆவணங்களைப் படித்துக் கணக்குப் பார்த்தவர்கள் இருந்தமையால் அன்றோ அது நாடறிந்தது! தமிழ்நாட்டிலும் இத்தகைய ஒதுக்கீட்டுக்கு 2024-இல் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தால் போதாது, வரவு செலவுப் புத்தகத்தைப் புரட்டி, “இத்தொகை எங்கே சென்றது?” என வினவும் கண்கள் வேண்டும்.

கைநாட்டு இட்ட தலைமுறையின் பேரர்கள் தணிக்கை அறிக்கையில் கையொப்பம் இடட்டும். அந்நாளை விரைவுபடுத்துவதே இவ்வெள்ளி விழாவின் பயனாகுக என வாழ்த்தி அமைகின்றோம். ஜெய் பீம்!