கடை எங்கே போடறது?

(பாகாயத்தில் மோட்டார் தொழில் பழகும் இளைஞர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



காருக்கு ஏ.சி., எலக்ட்ரிக்கல் வேலை மட்டும் பார்க்கிற சின்ன ஒர்க்‌ஷாப் ஒண்ணு போடணும், எந்த இடத்துல போடலாம்னு கேட்டிருக்கீங்க. மத்தவங்களுக்கு இது வாடகைக் கணக்கு. நமக்கு அது மட்டுமில்லை. 1917-ல் வெளிநாட்டுப் படிப்போடு பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். பிறகு பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஆரம்பித்தார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் நின்றுபோனார்கள். தொழில் தெரிந்தவனுக்கும் இடம் மறுக்கப்படும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம்ம ஜில்லாக் கதையையும் பாருங்க. தோல் பதனிடத் தண்ணி வேணும், அதனால் பாலாற்றை ஒட்டித் தொழிற்சாலைகள் வந்தன. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் முதலாளி. கழிவுநீரோடு குடியிருந்தவர் தொழிலாளி. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் வழக்கில் தீர்ப்பு சொல்லி, மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும் என்றது. அதற்குப் பிறகும் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தார்கள். அவர்கள் படுத்திருந்த இடம் அவர்கள் தேர்ந்தெடுத்த இடமா? இல்லை. அதனால்தான் சொல்றேன், இடத்தை நாமே தேர்ந்தெடுப்பது சின்ன விஷயமில்லை.

உங்களுக்கு ரெண்டு விதமான யோசனை வரும். ஒண்ணு, "காலனிக்குள்ளேயே ஊட்டாண்ட போடுப்பா, வாடகை மிச்சம்." இன்னொண்ணு, "பஜார்ல மெயின் ரோட்டுல போடு, யாருன்னு மட்டும் சொல்லிக்காதே." முதலாவது நம்மை ஊர் ஒதுக்கி வைத்த இடத்திலேயே நிறுத்துகிறது. ரெண்டாவது தினம் பயந்து பிழைக்க வைக்கிறது. எனக்கு ரெண்டும் ஒப்புதலில்லை.

எல்லா வேலையும் பார்க்கிற மெக்கானிக் கூட்டம் இருக்கிற இடத்தில்தான் உட்காரணும். பஞ்சரோ பிரேக்கோ, வழியில் நின்ற வண்டிக்காரன் கண்ணில் அவன் பட்டாகணும். ஒரே வேலையில் தேர்ந்தவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கம்ப்ரஸர் நின்னுபோச்சு, ஸ்கேனர் போட்டும் கோளாறு பிடிபடலை என்றால் வண்டி அவனைத் தேடி வரும். பெரும்பாலும் அனுப்புகிறவன் இன்னொரு மெக்கானிக்தான். ஆகவே அஞ்சு கிலோமீட்டருக்குள் எத்தனை ஒர்க்‌ஷாப் இருக்கு என்று முதலில் எண்ணுங்க. அவங்க உங்களுக்குப் போட்டியில்லை, வாடிக்கை. அவங்க வேலையை நீங்க பிடுங்கமாட்டீங்க என்று தெரிந்தால் வண்டி வரும். இந்தத் திறமைதான் நமக்குக் கிடைத்த சுதந்திரம். சாதியைப் பார்த்து இடம் தேடாமல் வேலையைப் பார்த்து இடம் தேடலாம்.

வேலையைப் பார்த்தால் பாகாயம் எப்படி? சி.எம்.சி.யின் மருத்துவக் கல்லூரி வளாகமும் மனநல மருத்துவமனையும் இங்கே இருக்கு. 1990-ல் வந்த தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கு. காலையில் வந்து நிற்கிற கார் சாயங்காலம்தான் கிளம்பும். நம்ம வேலைக்கு வண்டி முழுநாள் நம்மகிட்ட இருக்கணும், அதுக்கு இது தோது. விட்டுட்டுப் போறவருக்குக் காட்பாடி வரைக்கும் ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் பஸ் இருக்கு. சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் ஆற்காடு ரோட்டில் கூட்டம் உண்டு, ஆனா ரெண்டு காரைச் சேர்ந்தாப்ல நிறுத்த முடியாது. பைபாஸில் ஓடுற வண்டி ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு நாள் நிக்காது. அதனால் பாகாயத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஒரு திருப்பம் உள்ளே தள்ளிய இடம் போதும். வாடகை குறையும், புழுதியும் குறையும். ஏ.சி. பைப்பைக் கழற்றும்போது புழுதிதான் முதல் எதிரி.

இடம் பார்க்கப் போறப்ப இதெல்லாம் பாருங்க. நின்னுபோன காரை இழுத்து வர்ற வண்டி உள்ளே வந்து திரும்புமா? தரை ரோட்டைவிட உசரமா, மழைத் தண்ணி நிக்குமா? மும்முனை கரண்ட் வாங்க முடியுமா? வெயில் காலத்தில்தான் ஏ.சி. வேலை குவியும், வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். மேற்கூரை வெறும் தகரம் என்றால் மத்தியானம் மூணு மணி நேரம் வேலை ஓடாது. வெயில் போனால் ஏ.சி. வேலை குறையும், அப்போ எலக்ட்ரிக்கல் வேலைதான் சோறு போடணும். வருமானத்தை மே மாசத்தை வைத்துக் கணக்குப் போடாதீங்க, நவம்பரை வைத்துப் போட்டு வாடகை பேசுங்க.

அடுத்தது கடுதாசி. இடத்துக்காரர் நேரா சாதி கேக்கமாட்டார். "எந்த ஊரு, எந்தத் தெரு, இன்னா ஆளுங்க?" என்பார். தெரு பேரைக் கேட்டதும் "மச்சான் கேட்டிருக்கான், அவனுக்குத்தான் தரணும்" என்பார். இன்னும் சிலர் பதினோரு மாசக் கடுதாசி போடுவாங்க. நாம வயரிங் இழுத்து, கம்ப்ரஸர் வைத்து, தரை போட்டு முடிச்சதும் காலி பண்ணச் சொல்லுவாங்க. செலவு நம்மது, இடம் அவருது. ஆகையால் குறைந்தது அஞ்சு வருஷத்துக்கு எழுதி, பத்திரமாகப் பதிவு செய்யுங்க. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகணும் என்பது சட்டம். 1955-ம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில், தீண்டாமை காரணமாக வீடோ நிலமோ வாடகைக்கு மறுப்பதும் புறக்கணிப்பு என்றே இருக்கு. 1989-ம் வருஷத்து வன்கொடுமைச் சட்டத்தில் 2015 திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பையும் சேர்த்தது. நிரூபிப்பது கஷ்டம், ஒத்துக்கறேன். அதனால் இடம் கேட்கத் தனியாப் போகாதீங்க, ரெண்டு பேரா போங்க. அட்வான்ஸை ரசீது இல்லாமல் கொடுக்காதீங்க.

முதலுக்கு, தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதம் மானியமும் 6 சத வட்டிச் சலுகையும் உண்டு. பேங்க்காரர் இடத்தின் பத்திரத்தைக் கேட்பார். பதிவு செய்யச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியா ஒண்ணு. பாலாற்றுக்கு நடந்ததை நாம இன்னொருத்தருக்குச் செய்யக்கூடாது. கம்ப்ரஸர் எண்ணெயைச் சாக்கடையில் ஊத்தாதீங்க. பழைய பேட்டரி அமிலத்தை மண்ணில் கொட்டாதீங்க. ஏ.சி. வாயுவைக் காத்துல திறந்து விடாதீங்க, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குற வாயு அது. பிடிச்சு வைக்கிற மெஷின் விலைதான். ஆனா சாக்கடை போய்ச் சேர்வது பெரும்பாலும் எந்தத் தெருவில் என்று நமக்குத் தெரியும்.

கடைக்கு என்ன பேர் வைக்கிறது என்று ஒரு தம்பி கேட்டார். உங்க பேரையே வையுங்க. பயந்து வேற பேர் வைக்கணும் என்றால் அது நமக்கான இடமில்லை, வேற இடம் பாருங்க. வேலை சுத்தமா இருந்தா கார் தேடி வரும். வரட்டும், நம்ம பேரைப் படிச்சுட்டே உள்ள வரட்டும்.