சீட்டில் நிற்பவர் யார்?



டாரட் சீட்டு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வருங்காலம் சொல்லும் மேசைதான். கல்யாணம் எப்போது கூடும், வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்கிற இடம் அது. இன்று நான் பேச வந்தது வேறொரு பயன்பாட்டைப் பற்றி. அதே சீட்டுகளை முன்னால் பரப்பிவைத்துக்கொண்டு, ‘நான் எப்படிப்பட்ட ஆள், எந்த வேஷத்தை இத்தனை வருஷமாக விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று தன்னையே விசாரித்துக்கொள்கிற பழக்கம் 1980களிலிருந்து மேல்நாடுகளில் பரவியிருக்கிறது. அதில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று பார்ப்போம்.

டாரட் பிறந்தது விளையாட்டுக்காக. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் மிலான், ஃபெராரா போன்ற நகரங்களின் அரண்மனைகளில் பிரபுக்கள் ஆடிய சீட்டாட்டம் அது. முழுக்கட்டில் 78 சீட்டுகள். கிண்ணம், வாள், கோல், நாணயம் என்று நான்கு வகை, வகைக்கு 14. இவற்றை வெட்டும் துருப்புச் சீட்டுகளும் பேதை என்ற தனிச் சீட்டும் சேர்ந்து 22. மிலானை ஆண்ட விஸ்கொன்தி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காக 1450 வாக்கில் தங்கத் தகடு ஒட்டி வரைந்த கட்டில் 74 சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. 1781இல் பாரிஸில் வாழ்ந்த கூர் த ஜெபலன் என்ற அறிஞர், இவை பழைய எகிப்தியப் பூசாரிகள் ஒளித்துவைத்த ஞானநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் படித்தறிந்ததே 1822இல்தான். ஜெபலன் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. இருந்தும், சீட்டைக் குறி கேட்கும் பொருளாக மாற்றியதில் அந்தக் கதைக்குப் பெரும் பங்கு உண்டு.

சீட்டைக் கொண்டு தன்னை விசாரிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இனிப் பார்ப்போம். மனித மனத்தின் அடியில் எல்லோருக்கும் பொதுவான ஓர் அடுக்கு இருக்கிறது என்றார் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங். தாய், ஞானக் கிழவர், எத்தன், நிழல் என்று சில வடிவங்கள் அங்கிருந்து கனவிலும் புராணத்திலும் திரும்பத் திரும்ப எழுந்து வருகின்றன என்பது அவர் கருத்து. இவற்றை ஆழ்படிமங்கள் என்கிறோம். டாரட்டைப் பற்றி அவர் சொன்னது மிகக் கொஞ்சம். 1933இல் ஒரு கருத்தரங்கில் தொட்டுப் பேசினார். ஒரு கட்டுரையில், இந்தச் சித்திரங்களுக்கும் ஆழ்படிமங்களுக்கும் தூரத்து உறவு இருக்கலாம் என்று குறிப்பிட்டார். அந்தச் சிறு குறிப்புகளின் மேல் மாளிகை எழுப்பியவர்கள் பின்னால் வந்தவர்கள். சாலி நிக்கல்ஸ் 1980இல் யுங்கையும் டாரட்டையும் இணைத்து விரிவான நூல் எழுதினார். 1984இல் மேரி கிரீர் ஒரு பயிற்சி நூலையே கொடுத்தார். படிப்பவர் தானே சீட்டு எடுத்து, தானே பார்த்து, தன் கையால் எழுத வேண்டும். குறிசொல்பவர் அங்கே தேவைப்படவில்லை. இந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் ‘இவை காலம் கடந்த வடிவங்கள், எல்லா மனிதருக்கும் ஒன்றே’ என்று சொல்லும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. மூன்று சீட்டுகளைப் பாருங்கள். துறவி என்ற சீட்டில் இன்று பனிமலை உச்சியில் ஒரு முதியவர் கையில் விளக்கோடு நிற்கிறார். மிலான் கட்டில் அதே முதியவர் கையில் மணல்கடிகாரம் வைத்திருக்கிறார். அவர் காலத்தின் உருவம். வலிமை என்ற சீட்டில் இன்று ஒரு பெண் சிங்கத்தின் வாயை மென்மையாக மூடுகிறாள். மிலான் கட்டில் ஓர் ஆண் சிங்கத்தை அடிக்கத் தடியை ஓங்குகிறான். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதனின் கதை இன்னும் கடுமையானது. அன்றைய இத்தாலிய நகரங்களில் துரோகிகளைப் பொதுச் சுவர்களில் இப்படித் தலைகீழாக வரைந்து அவமானப்படுத்துவார்கள். அந்தச் சீட்டைப் பார்த்த பிரபுவுக்கு அதில் துரோகிதான் தெரிந்திருப்பான். 20ஆம் நூற்றாண்டுச் சீட்டில் அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம், முகத்தில் அமைதி. இன்று அதைத் தன்னை ஒப்புக்கொடுத்தலின் படிமமாக வாசிக்கிறார்கள். யுங்கைப் படித்தவர்கள், அடியில் வடிவம் ஒன்றே, மேலே ஆடைதான் மாறியது என்று பதில் சொல்வார்கள். ஓங்கிய தடிக்கும் வருடும் கைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆடை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு காலமும் தன் பயத்தையும் ஆசையையும் இந்தச் சீட்டுகளில் வரைந்து வைத்திருக்கிறது.

இங்கேதான் இந்த 20ஆம் நூற்றாண்டுப் படங்களை வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித்தைப் பற்றிப் பேச வேண்டும். 1878இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் வளர்ந்தார். அங்கே கேட்ட, அனான்சி என்ற சிலந்தியின் கதைகளை 1899இல் தானே படம் போட்டு நூலாக்கினார். ஹென்றி இர்விங்கும் எலன் டெர்ரியும் நடித்த லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். 1909இல் மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் கேட்டுக்கொண்டபடி ஒரு முழு டாரட் கட்டுக்கும் படம் வரைந்தார். அதுவரை ஐந்து கிண்ணம் என்றால் பெரும்பாலான கட்டுகளில் ஐந்து கிண்ணங்கள் மட்டுமே இருக்கும். எண் சீட்டு அநேகமாக ஒவ்வொன்றிலும் பமேலா ஒரு நாடகக் காட்சியை வைத்தார். பல சீட்டுகளில் பாத்திரம் முன்மேடையில் நிற்பதும், பின்னால் திரைச்சீலை போல மலையும் கோட்டையும் தெரிவதும் மேடையை அறிந்த கையின் வேலை. பெரிய வேலை, சொற்பக் காசு என்று அந்த ஆண்டே ஒரு கடிதத்தில் எழுதினார். 1951இல் கார்ன்வாலில் கடனோடு இறந்தார். பதிப்பாளர் பெயரும் வெய்ட் பெயரும் கட்டின் மேல் நிலைத்தன. பமேலாவின் பெயரைப் பல பத்தாண்டுகள் சேர்க்கவே இல்லை. இந்த அநியாயம் மெல்லத்தான் சரியாகி வருகிறது. டாரட்டை வைத்துத் தன்னை அறிய முயலும் ஒவ்வொருவரும் யுங்கைவிட இந்தப் பெண்ணுக்கே அதிகம் கடன்பட்டவர் என்பேன்.

பமேலாவின் ஐந்து கிண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். கறுப்புப் போர்வை போர்த்த ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. தூரத்தில் ஆறு, பாலம், ஒரு கோட்டை. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையிடம் இதைக் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன். அவர் கிண்ணங்களைப் பற்றிப் பேசவே இல்லை. ‘பாலத்தைத் தாண்டி அந்தக் கோட்டைக்குப் போக வேண்டியவர் இவர். யாராவது வந்து கூப்பிடட்டும் என்று நிற்கிறார்’ என்றார். படத்தில் கூப்பிட ஒருவரும் இல்லை. காத்திருப்பதற்கான அடையாளமும் இல்லை. அந்தக் காத்திருப்பை அவர் தன்னிடமிருந்து எடுத்து வைத்தார். சொல்லி முடித்த பிறகு அவரே அதைக் கவனித்தார், வெகுநேரம் பேசினார். சீட்டுக்குச் சக்தி உண்டா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. நல்ல சித்திரம் ஒன்று, அவசரமில்லாத கேள்வி ஒன்று, கேட்க ஒரு காது. இவ்வளவு போதுமாக இருந்தது.

உளவியலாளர்களும் இந்த வழியில் போயிருக்கிறார்கள். தெளிவில்லாத காட்சிப் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் சோதனையை ஹார்வர்டில் கிறிஸ்டியானா மார்கனும் ஹென்றி மரேயும் 1935இல் வெளியிட்டார்கள். அது பயிற்சி பெற்றவர் கையாளும் கருவி. டாரட்டை அதற்கு ஈடாக வைக்கக் கூடாது. தூக்கம் கெட்டு, வாழ்வே வெறுத்து நிற்பவருக்கு மருத்துவர்தான் தேவை.

இன்னோர் ஆபத்து, விளக்கம் நம் வாயிலிருந்து வராமல் எதிரில் இருப்பவர் வாயிலிருந்து வருவது. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1949இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. அவர் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, உங்கள் குணச்சித்திரம் இதோ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். சோதிட நூல் ஒன்றிலிருந்து பெரும்பகுதியை எடுத்திருந்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. ‘வெளியே உறுதியாகத் தெரிவீர்கள், உள்ளுக்குள் சந்தேகம் இருக்கும்’ என்றால் யார்தான் இல்லை என்பார்? பிறந்த தேதியின் எண்களைக் கூட்டி ‘உங்கள் ஆழ்படிமம் பேரரசி’ என்று சொல்லும் முறையையும் இந்தக் காரணத்துக்காகவே நான் ஏற்கவில்லை. கூட்டல் கணக்குக்கு உங்களைத் தெரியாது. பயமுறுத்திப் பரிகாரம் விற்கிறவர்களைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் 78 சீட்டையும் முகம் தெரிய மேசையில் பரப்புங்கள். குலுக்க வேண்டாம். ‘இது நான்’ என்று தோன்றுகிற ஒன்றையும், ‘இந்த ஆளைச் சகிக்க முடியாது’ என்று தோன்றுகிற ஒன்றையும் எடுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் முதலில் எழுதுங்கள்: யார் நிற்கிறார், எங்கே பார்க்கிறார், கையில் என்ன, தரை எப்படி இருக்கிறது. பிறகு அந்தப் பாத்திரத்தையே ‘நான்’ என்று பேசவைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். பிடிக்காத சீட்டில்தான் அதிகம் அகப்படும். நம்மிடம் இருப்பதாக நாம் ஒப்புக்கொள்ள மறுக்கும் பகுதியைத்தான் யுங் நிழல் என்றார்; அதைப் பார்க்க இந்தப் பயிற்சி நன்றாகவே உதவுகிறது.

எந்தக் கட்டை வாங்குவது? சாலி நிக்கல்ஸ் தன் நூலுக்கு பமேலாவின் படங்களை எடுக்காமல், எண் சீட்டுகளில் காட்சி இல்லாத பழைய மார்செய் கட்டையே எடுத்துக்கொண்டார். ஓவியர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பார்ப்பவர் கற்பனைக்கு வேலை குறையும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் முதன்முதலில் பார்க்கிறவருக்கு வெறும் ஐந்து கிண்ணங்களை வைத்துக்கொண்டு பேச ஒன்றும் கிடைக்காது. அதனால் பமேலாவின் கட்டோடு தொடங்குங்கள். கூடவே ஒரு சிறு விளக்கப் புத்தகம் வரும். முதல் ஒரு மாதத்துக்கு அதை உறையை விட்டு எடுக்காதீர்கள்.