சிகரகுண்டா தங்கச் சுரங்கம்: வேலை யாருக்கு?

(சித்தூர், திருப்பதி மாவட்டத் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



குப்பத்தை அடுத்த குடுப்பல்லி மண்டலத்திலுள்ள சிகரகுண்டா சுரங்கம் மீண்டும் திறக்கப்படும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக அடிபடுகிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்திவந்த அச்சுரங்கம், 2001இல் கோலார் தங்கவயல் மூடப்பட்டபோது அதனுடன் நின்றுபோனது. பின்னர் சிகரகுண்டா–பிசாநத்தம் தங்கத் தொகுதி ஏலத்துக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனமான என்.எம்.டி.சி. அதில் தேர்வானது. பொதுத்துறையின் கைக்கு வந்ததை வரவேற்கிறோம். ஆனால் வேலை யாருக்கு, எந்த நிபந்தனையில் என்ற கேள்வியை இப்போதே எழுப்பியாக வேண்டும்.

தங்கவயலின் வரலாறு நமக்குப் பாடம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல், வடாற்காடு, சித்தூர் பகுதிகளின் நிலமற்ற உழைப்பாளிகள், பெரும்பாலும் தலித் மக்கள், அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கினர். சிலிக்கோசிஸ் நோயால் மாண்டோர் பலர். உரிமை கேட்டுப் போராடியபோது, 1946 நவம்பர் 4 அன்று துப்பாக்கிச் சூட்டுக்கு ஆறு தொழிலாளர்கள் பலியாயினர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின், அவர்களின் வாரிசுகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிவேலை தேடிச் செல்கின்றனர்.

நிலத்தடிச் சுரங்க வேலை இன்று வேறெங்கு உண்டு? கடப்பா மாவட்டத் தும்மலப்பள்ளி யுரேனியம் சுரங்கம், ராய்ச்சூர் மாவட்ட ஹட்டி தங்கச் சுரங்கம், தெலங்கானாவின் சிங்கரேணி ஆகியன உள்ளன. சிங்கரேணியிலும் பெரும்பகுதி நிலக்கரியைத் திறந்தவெளிச் சுரங்கங்களே தருகின்றன. தங்கவயலின் சயனைடு மண்மேடுகளை மீண்டும் பதப்படுத்தும் திட்டமோ, மேற்பரப்பில் இயந்திரங்களைக்கொண்டு செய்யும் வேலை.

ஆவணங்களைத் தமிழாக்கும்போது 'மேன்பவர்' என்ற சொல்லை அடிக்கடி எதிர்கொள்கிறேன். 'ஆள்பலம்' என்று எழுதிவிடலாம். ஆனால் குறிக்கப்படுபவர் நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தத் தொழிலாளியா என்பதை அச்சொல் கூறாது. அதைக் கூறவைப்பது தொழிற்சங்கத்தின் கடமை.

2001இல் 35 வயதாயிருந்த தொழிலாளி இன்று முதுமையின் வாயிலில் நிற்கிறார். அவர் மகனோ சுரங்கத்தினுள் இறங்கியதே இல்லை. "உள்ளூரில் தகுதியுள்ளோர் இல்லை" என்று நாளை காரணம் காட்டி, ஒப்பந்தக்காரர் வழியே ஆள் திரட்டுவர். அதற்கு இடமளிக்கலாகாது.

மேட், பிளாஸ்டர் சான்றிதழ்த் தேர்வுகளுக்கான பயிற்சியைத் தெலுங்கிலும் தமிழிலும் இப்போதே தொடங்குக. பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கும் நிலமிழப்போருக்கும் முன்னுரிமை தருக. நேரடி நியமனம் செய்க. ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை நடத்துக. இவையே நம் கோரிக்கைகள்.

கிளைத்தோழர்கள் ஊர்தோறும் சென்று, முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களின் பட்டியலை முதலில் தயாரியுங்கள். அவர்களின் அனுபவம் மறையுமுன் அடுத்த தலைமுறைக்குக் கைமாற வேண்டும்.