கியர் பாக்ஸை வீட்டில் பிரிப்பது பயனே!

நடுவர் அவர்களே, அவையோரே! தேய்ந்த கியர் பாக்ஸை வீட்டு வாசலில் போட்டுப் பிரிப்பது வீண்வேலை, ஆபத்து என்று எதிரணித் தோழர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-ஐ வைத்தே அவருக்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் பழுது எது என்று தெரிய வேண்டாமா? அதற்கு ஸ்பானர்கூட வேண்டாம், காது போதும். நியூட்ரலில் எஞ்சின் ஓடுகிறது, ஓர் இரைச்சல் கேட்கிறது. கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறதா? இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். மிதித்தால்தான் சத்தமே வருகிறதா? ரிலீஸ் பேரிங். கியர் பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும், பிரிக்க வேண்டியதில்லை. எஞ்சின் நிற்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுகின்றன, ஓடும்போது ஒன்றும் விழ மாட்டேன் என்கிறது என்றால், கிளட்ச் முழுதாக விடவில்லை. பல நேரம் கேபிளைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடும். இந்தச் சோதனை தெரியாதவரிடம்தான் ஐயா, “பாக்ஸே போச்சு சார்” என்ற பேச்சு எடுபடுகிறது!

இரண்டாவது கியர் மட்டும் கரகரவென்று அரைக்கிறதா? ஆயிலை வடித்து வெயிலில் பாருங்கள். பொன்னாக மினுக்கி, காந்தத்தில் ஒட்டாத தூள் பித்தளை. சிங்க்ரோ ரிங் தேய்ந்து கரைந்த தூள். காந்தத்தில் சில்லுச் சில்லாக ஒட்டினால் பல்லே உடைந்திருக்கலாம். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக்கூடாது.

அந்த ரிங்கின் உள்பக்கம் நுண்ணிய வரிகள் இருக்கும். ஆயில் படலத்தை அறுத்து, கியரின் கூம்பைப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குவது அவைதான். வரி மழுங்கினால் பிடி போய்விடும். ரிங்கைக் கூம்பின்மேல் அழுத்தி, இடைவெளியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பாருங்கள். கையேட்டில் உள்ள அளவுக்குக் கீழே போயிருந்தால் புது ரிங். எவ்வளவு அழகான ஏற்பாடு! சொந்தக் கையால் அதைத் தொட்டுப் பார்த்தவர், அரைக்கும் கியரை அதன்பிறகு வலிந்து தள்ளவே மாட்டார். அந்த அறிவு எந்த பில்லோடும் வராது, நடுவர் அவர்களே.

பேரிங்கைக் கழற்ற பிரஸ் வேண்டுமே என்றார் தோழர். உண்மை. ஷாஃப்டை மட்டும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போகலாமே! ஆபத்து என்றார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பது ஆபத்துதான். உறுதியான ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துங்கள், பாக்ஸை இறக்கும்போது இன்னோர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய வரிசையில் பாகங்களைத் துணியில் பரப்பிப் படமெடுத்து வையுங்கள். பூட்டியபின், கையேடு சொல்லும் ஆயிலையே ஊற்றுங்கள்.

ஆகவே, பழைய காரின் கியர் பாக்ஸை வீட்டிலேயே சோதித்துச் சரிசெய்வது பயனே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.